விலை கூடினால் குறி தப்பாதா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இலையுதிர் காலம் மான் வேட்டைப் பருவம். உரிமம் வாங்கி, அரசு வகுத்த விதிகளுக்குள் நடக்கும் வேட்டை அது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ முதல்முறை ரைஃபிள் வாங்குகிறவர் திணறிப்போகும் இடம், அதன்மேல் பொருத்தும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி. 150 டாலருக்கும் கிடைக்கிறது, 2,500 டாலருக்கும் கிடைக்கிறது. எதற்காக இவ்வளவு வித்தியாசம் என்று புரியாமல் வாங்கினால் பணம் மட்டுமா போகும்? தவறான குறியால் காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஆகவே ஸ்கோப் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: உருப்பெருக்கம் கூடக்கூடக் குறி துல்லியமாகும்.

உண்மை: உருப்பெருக்கம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும்; கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையும் மெலியும். முகப்பு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்தக் கற்றையின் அகலம் கிடைத்துவிடும். 40 மி.மீ. லென்ஸை 8 மடங்கில் வைத்தால் 5 மி.மீ.; 16 மடங்கில் வைத்தால் வெறும் 2.5 மி.மீ. இளம் வயதினரின் கண்பாவை இருட்டில் சுமார் 7 மி.மீ. வரை விரியும். அந்தியில் 16 மடங்கு ஏன் மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம். அடர்ந்த காட்டில் 150 கஜத்துக்குள் சுடுபவருக்கு 3 முதல் 9 மடங்கு தாராளம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த ஸ்கோப் ஒளியைப் பெருக்கித் தரும்.

உண்மை: எந்த லென்ஸும் வெளிச்சத்தை உண்டாக்காது, உள்ளே வந்ததை வீணாக்காமல் கடத்துவதுதான் அதன் திறமை. பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். ஸ்கோப்புக்குள் இப்படிப் பல பரப்புகள் உண்டு. இந்த இழப்பைக் குறைக்கும் பூச்சை 1935-ல் ஜெய்ஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்ற இயற்பியலாளர் உருவாக்கினார். இன்று மலிவு ஸ்கோப்பிலும் பூச்சு இருக்கிறது. அதனால் நண்பகலில் மலிவானதற்கும் விலை உயர்ந்ததற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தெரிவது அந்தியில்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த வேளையில் தெரிவது கொம்பா கிளையா என்று பிரித்துக் காட்டுவது நல்ல கண்ணாடி. ஜெர்மனியில் நிலவொளியில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8 மடங்கும் 56 மி.மீ. லென்ஸும் கொண்ட ஸ்கோப்பை விரும்புவதும் இதனால்தான்: 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7 மி.மீ., இருட்டில் விரிந்த கண்பாவையின் அளவு.

நம்பிக்கை: மலிவு ஸ்கோப்பில் குறி நிற்காது.

உண்மை: பெயர் பெற்ற நிறுவனங்களின் எளிய மாடல்கள் பெரும்பாலும் குறியைக் காத்துநிற்கும். குறி விலகினால் முதலில் சோதிக்க வேண்டியது ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களையும் திருகுகளையும்தான். மலிவு ஸ்கோப் தடுமாறுவது, தூரத்துக்கு ஏற்பக் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பவரிடம். ஒவ்வொரு கிளிக்குக்கும் 100 கஜத்தில் குறி சுமார் கால் அங்குலம் நகர வேண்டும். திருப்பிவைத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். அந்த நுட்பத்துக்குத்தான் கூடுதல் விலை. ஒருமுறை குறி பார்த்துப் பூட்டிவைப்பவருக்கு அது தேவையில்லை.

நம்பிக்கை: நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பில் பனி படராது.

உண்மை: உள்ளே படராது. வெளிக் கண்ணாடியில் நம் மூச்சுக்காற்று பட்டாலே படரும். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இது மாறாது.

நம்பிக்கை: நல்ல ஸ்கோப் இருந்தால் பைனாகுலர் வேண்டாம்.

உண்மை: இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஸ்கோப் வழியே பார்ப்பது என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை நீட்டுவது. புதரில் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்; விறகு பொறுக்க வந்தவராகவும் இருக்கலாம்.

கையில் ஆயிரம் டாலர் இருந்தால் முழுவதையும் ஸ்கோப்பில் கொட்ட வேண்டாம். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, மிச்சத்தை உறுதியான வளையங்களுக்கும், ஒரு பைனாகுலருக்கும், பயிற்சிக்கான தோட்டாக்களுக்கும் பிரித்துச் செலவிடுங்கள். தெளிவாகத் தெரியாத எதையும் சுடாதீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை எந்த விலை ஸ்கோப்பும் தராது. அதைப் பழகிக்கொள்ள வேண்டியது சுடுபவர்தான்.