ஸ்டீயரிங் இறுகினால் கோளாறு ஸ்டீயரிங்கில்தானா?

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் காரைத் திருப்பும்போது ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிடும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். சாவியை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் சரி. மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். என் பழைய கார் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படித்தான் படுத்தியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

நம்பிக்கை: பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கும்.

நம் சின்ன கார்களில் இருக்கும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் ஆயிலே கிடையாது. 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ காரில் வந்த ஏற்பாடு இது. நீங்கள் எவ்வளவு அழுத்தித் திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும். அதற்கேற்ப ஒரு மோட்டார் கைகொடுக்கும்.

நம்பிக்கை: ஸ்டீயரிங் லாக் ஆகி வண்டி தறிகெட்டு ஓடும்.

ஆகாது. சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டு அப்படியே இருக்கிறது. மோட்டாரின் உதவி மட்டும்தான் நிற்கிறது. பலம் போட்டால் திரும்பும். ஆனால் பாதி வளைவில் உதவி நின்றால் கை தடுமாறும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

நம்பிக்கை: விளக்கு எரிந்தால் மோட்டார் போச்சு, அசெம்ப்ளியையே மாற்றணும்.

பணம் கரைவது இங்கேதான். பல நேரம் கோளாறு மோட்டாரில் இல்லை, அதற்கு மின்சாரம் போகும் வழியில்தான். இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நம் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். வழியில் கரைந்துபோகாமல் இருக்கப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், இழப்பும் குறையும். காரில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மோட்டார் 40 ஆம்பியர்கூட இழுக்கும். எர்த் போல்ட்டில் 0.05 ஓம் அளவு துரு இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மின்சாரம் போதவில்லை என்று ஸ்டீயரிங்கின் கம்ப்யூட்டர் உதவியை நிறுத்தி விளக்கைப் போடும். நேர்ச் சாலையில் ஆம்பியர் குறைவு, அதனால் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டீயரிங் கம்ப்யூட்டரின் எர்த்திலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தேடுங்கள். ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் தருகிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்து, ஸ்கேனரும் சென்சாரையே குற்றம் சொன்னால், அசெம்ப்ளி மாற்றச் சொல்வதில் நியாயம் உண்டு.

நம்பிக்கை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் குணமாகும்.

நாலு நாள் குணமாகும், உண்மைதான். கழற்றும்போது டெர்மினலில் பூத்த பச்சைப் பொடி உதிர்ந்து, மாட்டும்போது பிடிப்பு இறுகுகிறதே, அதனால்! ஆனால் சில வண்டிகளில் பதிவான எரர் கோடும் அதோடு அழிந்துவிடும். முதலில் கோடைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தபோது மழையா, பள்ளத்தில் குலுங்கியதா, ஹெட்லைட் போட்டிருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கடைசிவரை ஒடித்தால் மோட்டார் சூடாகி உதவி குறையும். ஆறினால் திரும்ப வரும். அது கோளாறே இல்லை.

என் காரில் குற்றவாளி, பாடியில் எர்த் வயரைப் பிடித்திருந்த ஒரே ஒரு போல்ட். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். அதற்குப் பிறகு மஞ்சள் விளக்கு சாவி போடும்போது மட்டும்தான் எரிகிறது.