உடைந்த பல்லைத் தேய்த்துக் கழுவாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்க்ரோ வேன் ஒன்று முன் டிஃபரன்ஷியலில் பல் உடைந்து இரண்டாவது தடவையாக வந்திருக்கிறது, இதைவிடக் கெட்டியான கிரவுன் வீலும் பினியனும் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதற்கும் ஆர்டர் போடாதே. ஒரே வண்டியில் ஒரே சாமான் திரும்பத் திரும்ப உடைந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தச் சாமானுடையது அல்ல. அதன் மேல் சுமையைத் தள்ளிவிட்டது யார் என்று முதலில் தேடு.

ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ 1980-களின் நடுவிலிருந்து 1992 வரை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டைர்-டைம்லர்-பூக் ஆலையில் தயாரானது. என்ஜினும் கியர்பாக்ஸும் பின்னால். கியர்பாக்ஸிலிருந்து ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னால் ஓடி முன் டிஃபரன்ஷியலில் சேர்கிறது. அந்தக் கூட்டோடு சேர்ந்தே இருக்கிறது விஸ்கஸ் கப்ளிங். அதைத்தான் நீ முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கப்ளிங்குக்குள் மெல்லிய தட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று உள் தண்டோடு சுற்றும், மற்றவை வெளிக்கூட்டோடு சுற்றும். இடையில் சிலிகான் எண்ணெய். பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்கி வேக வித்தியாசம் கூடும்போது எண்ணெய் சூடேறித் தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். முன் சக்கரங்களுக்கு இழுவை போகும். வளைவில் திரும்பும்போது வரும் சின்ன வித்தியாசத்தை அது விட்டுக்கொடுத்துவிடும். இந்த விட்டுக்கொடுப்பை நம்பித்தான் முன்னால் இருக்கும் பல், பேரிங், ஷாஃப்ட் எல்லாம் பிழைக்கின்றன. வயதான கப்ளிங் இறுகிப்போய் விட்டுக்கொடுக்க மறுக்கும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில் போகின்றன அல்லவா? அந்த வித்தியாசம் எங்கேயாவது தீர்ந்தாக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் சாலையில் டயர் சறுக்காது. பாரம் முழுவதும் பல்லில் இறங்கும். ஆகையால் மலையில் உடைந்த டிஃபரன்ஷியல், ஊருக்குள் வண்டியை நிறுத்தி எடுத்த இடங்களிலேயே கெட்டுப்போயிருக்கலாம். சொந்தக்காரர் மலையைத்தான் சொல்வார். கேட்டுக்கொள், ஆனால் அதோடு விட்டுவிடாதே.

மாற்று டிஃபரன்ஷியல் ஏறியதும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, காய்ந்த தார்த்தரையில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மிக மெதுவான ஜி கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர விடு. தானாகச் சுற்றி வந்தால் நல்லது. திணறினாலோ என்ஜின் நின்றாலோ கப்ளிங் இறுகிவிட்டது. ஆனால் அதற்கும் முன்னால் டயர்களைப் பார். சாக்பீஸால் தரையிலும் டயரிலும் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நான்கையும் தனித்தனியாக அள. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்தது என்று மாட்டியிருந்தால், நேர் சாலையில்கூடக் கப்ளிங்குக்கு ஓய்வே கிடையாது. இதைப் பார்க்க ஒரு காசு செலவில்லை. அப்படியும் பல பேர் பார்ப்பதில்லை.

அடுத்தது உடைந்த பல். கம்பி பிரஷால் தேய்த்துவிடாதே. துணியால் ஒற்றியெடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார். உடைந்த முகம் முழுவதும் கல் உப்பை உடைத்ததுபோல் கரடாக, ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒரே அடியில் போனது. ஒரு மூலையில் வழவழப்பான பிறை, அதைச் சுற்றிச் சன்னமான வளைகோடுகள், மிச்சம் மட்டும் கரடு என்றால் வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, நல்ல பாகம் சிறுத்த பிறகு கடைசியாக முறிந்திருக்கிறது. முதலாவதற்கு ஓட்டுபவரைக் கேள். இரண்டாவதற்குக் கப்ளிங்கையும் டயரையும் பேரிங்கையும் கேள். வடித்த எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். டிஃபரன்ஷியல் மூச்சு விடும் பிரீதர் குழாயை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டு.

என்ஜினைப் பற்றியும் கேள். இந்த வேனுக்கு ஆலை போட்ட 1.6 டர்போ டீசல் கொடுத்தது 138 நியூட்டன் மீட்டர் டார்க். இப்போது மாற்றி வைக்கும் 110 குதிரைத்திறன் 1.9 டிடிஐ 235 கொடுக்கிறது. கியர்பாக்ஸ் அதே பழையதுதான். அதன் மேல் பெரிய டயர், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி. இந்த நிலையில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கைப் போட்டு, ஒரு பின் சக்கரம் பாறையிலும் மற்றது அந்தரத்திலும் இருந்தால், பின்னால் வரும் முறுக்கு முழுவதும் ஒற்றை ஷாஃப்டில் இறங்குகிறது. அங்கே கெட்டியான ஷாஃப்டும் ஜாயின்டும் போட்டுத் தரச் சொல்வார்கள். யோசித்துச் செய். சிவி ஜாயின்ட் உடைந்தால் ஜாக்கி வைத்து வழியிலேயே மாற்றலாம். கியர்பாக்ஸ் கூடு வெடித்தால் லாரியில்தான் ஏற்ற வேண்டும். எது முதலில் உடைய வேண்டும் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். என் கட்சி எப்போதும் ஜாயின்ட் பக்கம்தான்.

அந்த ஜாயின்ட்களும் கவனிப்பு கேட்கும். வண்டியைத் தூக்கிக் கட்டினால் ஷாஃப்டின் சாய்வு கூடும், பூட் கிழியும், மணல் புகும். பின் ஷாஃப்ட் இரண்டிலும் சேர்த்து நான்கு ஜாயின்ட், ஒவ்வொன்றுக்கும் ஆறு போல்ட். சேரும் முகத்தில் கிரீஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போல்ட் நாளடைவில் தளரும். முகத்தையும் மரையையும் சுத்தமாகத் துடைத்து, டார்க் ரென்ச்சால் 45 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்பவும் பார். பின் ஹப் நட்டுக்கு 500 வேண்டும். அதைக் கை அளவில் முடுக்கிவிட்டு அனுப்புவது பாவம். ஹப்பின் பல்வரிசை தின்னப்பட்டுவிடும்.

வேலை முடிந்ததும் சொந்தக்காரரோடு உட்கார்ந்து ஒரு கரட்டுப் பாதை போய் வா. பாதையை விட்டுவிட்டு அவர் வலது காலைப் பார். சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது இன்னும் அழுத்துகிறாரா? சுழலும் சக்கரம் பாறையில் இறங்கியதும் சட்டென்று நிற்கும். ஃப்ளைவீல் அப்படி நிற்காது. மிச்ச வேகம் முழுவதும் நடுவில் மாட்டிய பல்லில் இடிக்கும். காலை எடு, இறங்கட்டும், பிறகு மெல்லக் கொடு என்று பக்குவமாகச் சொல். பெரியவர் கோபிப்பாரோ என்று தயங்காதே.

பில்லில் சாமான் விலையை மட்டும் எழுதாதே. நான்கு டயரின் உருள் அளவு, கப்ளிங் சோதனையில் கண்டது, போல்ட் முடுக்கிய தேதி எல்லாவற்றையும் எழுதி ஒரு பிரதியை வண்டியிலேயே வை. அடுத்து அது எந்த ஊர்ப் பட்டறையில் நின்றாலும், கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு அது வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்