வளரும் கம்பெனியும் முதல் தருவோரும்



சென்ற மாதம் எனக்கு வேலைக் கடிதம் ஒன்று வந்தது. சம்பளம் சற்றுக் குறைவு. அதற்கு ஈடாக, கம்பெனியின் பங்குகளைப் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் முதலீட்டு நிதி இதில் பணம் போட்டிருக்கிறது என்பதும் பெருமையாகக் கூறப்பட்டிருந்தது. அதன் பொருள் அறியாமல் கையெழுத்திட மனம் வரவில்லை. தேடிப் படித்ததை இங்கே தருகிறேன். நம்மில் பலருக்கும் அத்தகைய கடிதம் வரக்கூடும் அல்லவா?

வங்கி கடன் தரும், வட்டி கேட்கும். முதலீட்டு நிதி கடன் தருவதில்லை, பங்கு வாங்குகிறது. கம்பெனி உயர்ந்தால் தானும் உயரும். வீழ்ந்தால் போட்ட முதலும் போகும். சில நிதிகள் தொடக்க நிலையிலேயே துணிந்து இறங்கும். வேறு சில, பொருள் விற்பனையாகி வாடிக்கையாளர் பெருகிய பின்னர், தொழிலை விரிவாக்க முதல் தரும். இதுவே வளர்ச்சி நிலை முதலீடு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கூகிள் 2013இல் ‘கூகிள் கேப்பிட்டல்’ என்னும் நிதியைத் தொடங்கியது. 2016இல் அது ‘கேப்பிட்டல்ஜி’ எனப் பெயர் மாறியது. மற்ற நிதிகள் பலரிடம் பணம் திரட்டும். இதன் முதலோ ஆல்ஃபபெட் என்னும் தாய் நிறுவனத்தினுடையது. 2010இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்கில் இந்நிதி 2014இல் முதலிட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் பெற்ற அக்கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலராக வெளியிட்டது. பங்கு வைத்திருந்த ஊழியர் நூற்றுக்கணக்கானோர் கோடீசுவரராயினர் எனச் செய்தி வந்தது. ஆனால் பின்னர் விலை 36 டாலருக்கும் கீழே இறங்கிற்று என்பதையும் மறத்தலாகாது.

தாய் நிறுவனத்தின் அனுபவமும் ஆலோசனையும் கிடைப்பது நன்மை. எனினும் அதன் நலம் வேறு, நம் நலம் வேறு. கூகிளின் மற்றொரு நிதி 2013இல் ஊபரில் முதலிட்டது. 2017இல் கேப்பிட்டல்ஜி, அதன் போட்டியாளரான லிஃப்டுக்கு 100 கோடி டாலர் முதலீட்டைத் தலைமையேற்றுத் திரட்டியது. தாய் ஒன்று, கைகள் இரண்டு!

இனி ஒரு கணக்கு. 80 கோடி ரூபாய் மதிப்புள்ள கம்பெனிக்கு ஒரு நிதி 20 கோடி தந்து புதுப்பங்கு பெறுகிறது என்போம். மொத்தம் 100 கோடி. நிதியின் பங்கு 20 விழுக்காடு. முன்பு 50 விழுக்காடு வைத்திருந்தவருக்கு இனி 40 விழுக்காடுதான். மதிப்பு மட்டும் அதே 40 கோடி. இதில் நட்டமில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய நிதிகள் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கே வாங்கும். கம்பெனி 15 கோடிக்கு விலைபோனால், தன் 20 கோடியை முதலில் கேட்கும் உரிமை நிதிக்குண்டு. 15 கோடியும் அதற்கே போய்விடும். நிறுவியவருக்கும் ஊழியருக்கும் எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆகவே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன். மொத்தப் பங்குகளில் எனக்குரியது எத்தனை விழுக்காடு? எனக்கு முன் பணம் பெறுவோர் யார், எவ்வளவு? இடையில் விலகினால் என் உரிமை என்னாகும்? விடை வந்த பின்னரே கையெழுத்து. நண்பர்களே, பெரிய பெயரைக் கண்டு மயங்காதீர். கணக்கைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.