எதிர்ப்பொருள் மருந்தும் இரத்த வகையும்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாள்களாகியும் காய்ச்சல் தணியவில்லை, கண்கள் சிவந்துள்ளன, ஆயினும் பீளை இல்லை, உதடுகள் வெடித்திருக்கின்றன, கைகால்கள் வீங்கியுள்ளன. இவை கவாசாக்கி நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாக்கி 1967-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் இது வருகின்றது. சிகிச்சை அளிக்காவிடில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் இரத்தக் குழாய்கள் புடைத்துவிடும்.

இதற்குரிய மருந்து இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்பொருள் கரைசல். காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் அதனை இரத்த நாளம் வழியாக ஏற்றினால், அந்த ஆபத்து இருபதில் ஒருவர் என்னுமளவுக்குக் குறைகின்றது. ஜெராம் வட்டாரத்துக் குழந்தையைக் கிள்ளானிலோ வேறிடத்திலோ உள்ள பெரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டியது இதற்காகவே.

இம்மருந்து தொழிற்சாலையில் வெறும் இரசாயனத்தால் செய்யப்படுவதன்று. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்தின் குருதிநீரை ஒன்றுசேர்த்து அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றது. மலேசியர் வழங்கிய குருதிநீரும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, இத்தகைய மருந்தாகித் திரும்பி வந்திருக்கின்றது. தானம் செய்தோரில் ஓ வகையினர் பலர். அவர்களுடைய குருதிநீரில் ஏ வகையையும் பி வகையையும் எதிர்க்கும் பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. அவற்றுள் சிறிதளவு மருந்திலும் தங்கிவிடுகின்றது.

ஒருவரின் குருதிநீரை மற்றவரின் சிவப்பணுக்களோடு கலந்தால் சில வேளைகளில் அவை திரண்டுவிடுவதைக் கண்டே, கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-இல் இரத்த வகைகளை அறிவித்தார். தொட்டியில் திராவகம் ஊற்றியதும் ரப்பர்ப்பால் திரள்வதை நாள்தோறும் காணும் நமக்கு அக்காட்சியை ஊகிப்பது கடினமன்று. உடலுக்குள் நிகழ்வது சற்று வேறு. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து அழித்துவிடுகின்றன. இரத்தச் சிவப்பணுச் சிதைவு என்பது இதுவே.

ஓ வகைக் குழந்தையின் சிவப்பணுக்களில் ஏ, பி என்னும் அடையாளங்கள் இல்லாமையால் அதற்கு இவ்வழியில் தீங்கு நேராது. ஏ, பி, ஏபி வகைக் குழந்தைகளையே கவனிக்க வேண்டும். சிறிய அளவில் மருந்து ஏற்றும்போது பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. கவாசாக்கி நோய்க்கோ உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் தேவைப்படுகின்றது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 24 கிராம்! காய்ச்சல் மீண்டும் வந்தால் இரண்டாம் முறையும் ஏற்றுவதுண்டு. அப்போது ஆபத்து மேலும் கூடுகின்றது.

இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாமென மறுப்பது பெருந்தவறாகும். சிதைவு பலருக்கு இலேசாகவே வந்து தானாக அடங்கும். புடைத்த இதயக் குழாயோ வாழ்நாள் முழுவதும் தொல்லை தரக்கூடும். செய்யவேண்டியது, குழந்தையின் இரத்த வகை யாதென மருத்துவரிடம் கேட்டறிந்து குறித்து வைப்பதும், மருந்து ஏற்றியபின் பத்து நாள்கள் கவனித்திருப்பதுமே. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தல், கண்வெள்ளை மஞ்சளாதல், உள்ளங்கை வெளுத்தல், குழந்தை விளையாடாமல் சோர்ந்து கிடத்தல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் சிறுநீரின் நிறத்தை யார் பார்ப்பது என்று கேட்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் இதைச் சொல்லி வைத்தால் போதும்.

மருத்துவமனையில் "இத்தனையாம் தேதி இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள்" என்று முதலிலேயே கூறுங்கள். இரத்தம் குறைந்து, புதிதாக ஏற்றவேண்டி வந்தால், ஏ வகைக் குழந்தைக்கும் ஓ வகைச் சிவப்பணுக்களை மருத்துவர் ஏற்றக்கூடும். வகை மாற்றி ஏற்றுகின்றார்களே எனப் பெற்றோர் பதற வேண்டியதில்லை. குழந்தையின் உடலில் அப்போதிருக்கும் எதிர்ப்பொருள்கள் அந்த ஓ வகை அணுக்களைத் தீண்டமாட்டா.