சாவி மேசையில் இருக்கட்டும்

திருச்சி

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று இரவு உன் அம்மா போன் செய்தாள். நீ மதுரையில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாயாம். நடிக்க அல்ல, ஸ்டேஜ் மேனேஜராக. "எல்லாரும் முன்னாடி போய் நிக்கணும்னு ஆசைப்படுவாங்க. இவ பின்னாடி நிக்கப் போறேங்கிறா. அது என்ன வேலைண்ணா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதிலா அது? இருபத்தாறு வருஷம் அந்தப் பின்பக்கத்தில் நின்றிருக்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மேடையில் நிற்கும் நடிகர் தன்னை மறக்க வேண்டும். கட்ட வேண்டிய வாடகை, காய்ச்சலோடு வீட்டில் விட்டுவந்த குழந்தை, காலைக் கடிக்கும் செருப்பு எல்லாம் மறந்தால்தான் அவர் வேறொருவராக மாற முடியும். அவர் நிம்மதியாக மறப்பதற்கு, எதையும் மறக்காத ஓர் ஆள் சைடு விங்கில் நிற்க வேண்டும். அந்த ஆள் நீ. உன் வேலை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

மறக்காமல் இருப்பது என்றால் எல்லாவற்றையும் மண்டைக்குள் ஏற்றிக்கொள்வது என்று நினைத்துவிடாதே. நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பாய். 'வள்ளி திருமண'த்தில் முருகனாக வருபவர் ஓர் ஊர், வள்ளி வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள் அன்று இரவுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் விடியும்வரை நாடகம் தடங்காமல் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த பாட்டும் பாடமும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். யார் எந்த இடத்தில் வந்து எந்த ராகத்தில் எடுப்பார் என்று ஆர்மோனியக்காரருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அங்கே எல்லாரையும் நடத்திச் செல்கிறது. நம் குழுக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாடகம் புதிது, அரங்கு ஊருக்கு ஊர் மாறும், மொத்தமே பத்துப் பதினைந்து ஷோதான். பழக்கம் ஊறுவதற்குள் நாடகமே முடிந்துவிடும். அதனால் நம் நினைவெல்லாம் நோட்டில் இருக்க வேண்டும்.

ஒரு கெட்டியான கோப்பு வாங்கு. வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்றுத்தாள். யார் எந்தச் சொல்லில் எழுந்தார், எந்தப் பக்கம் நடந்தார், எந்தச் சொல்லுக்கு விளக்கு மாறுகிறது, எந்த இடத்தில் ஒலி வருகிறது எல்லாவற்றையும் அந்த வெற்றுப்பக்கத்தில் குறி. பென்சிலால் மட்டும் எழுது. இயக்குநர் கடைசி நாள்வரை மாற்றிக்கொண்டே இருப்பார். இடம் வலம் சொல்லும்போது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடம் வலத்தையே சொல். உன் நோட்டு சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நாளைக்கே நீ காய்ச்சலில் படுத்துவிட்டால், ஒத்திகையே பார்க்காத ஒருவர் அந்த நோட்டை வைத்து ஷோவை நடத்த முடிய வேண்டும்.

இனி ஷோ நாள். மாலை ஆறரைக்கு நாடகம் என்றால் காலை எட்டு மணிக்கு அரங்கின் வாசலில் நில். முதலில் வாட்ச்மேனிடம் பேசு, எலக்ட்ரீஷியன் யார் என்று கேட்டு வை. பிறகு டேப்பை எடுத்து மேடையை அள. எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டி முடித்தது. இன்றும் அங்கே நாடகம் போடுகிறார்கள். அந்த மாதிரி அரங்கில் தாராளமாகப் பழகிய நடிகர்கள், அடுத்த வாரம் ஏதோ ஒரு பள்ளிக்கூட மேடையில் மூன்றடி குறைவான இடத்தில் நடக்க வேண்டியிருக்கும். அந்த மூன்றடியை எங்கே குறைப்பது என்று அவர்கள் வருவதற்குள் நீ முடிவு செய்திருக்க வேண்டும்.

நாற்காலி, பெட்டி, திண்ணை எல்லாம் நிற்கும் இடத்துக்குத் தரையில் அடையாளம் வை. நாற்காலியின் நான்கு காலுக்கும் ஒட்டிக்கொண்டிருக்காதே. பின்னங்கால் இரண்டுக்கு மட்டும் கலர் டேப்பை 'ட' எழுத்துப்போல ஒட்டினால் போதும். முதல் காட்சிக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துக்கொள். இருட்டில் ஏறி இறங்கும் படிகளின் விளிம்பில் ஒளிரும் டேப் ஒட்டு. ஒட்டி முடித்ததும் விளக்கை அணைக்கச் சொல்லி, நீயே ஒருமுறை அந்தப் படியில் இறங்கிப் பார்.

விளக்குக்காரர் தன் வேலையை அறிந்தவர்தான். ஆனாலும் கணக்கு உனக்கும் தெரிய வேண்டும். 15 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 3,450 வாட் தாங்கும். ஆயிரம் வாட் பார் லைட் மூன்றுதான் அதில் போகும். நான்காவதை மாட்டினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் கட்டையில் யாரோ தடித்த கம்பி சுற்றி வைத்திருந்தால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். அது இன்னும் ஆபத்து.

மாலையில் மேடையில் பூஜை நடக்கும். தேங்காய், பூ, கற்பூரம். கற்பூரத் தட்டைப் படுதாவிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வதும், ஆரத்தி முடிந்ததும் அது அணைந்ததா என்று பார்ப்பதும் உன் பொறுப்பு. சின்னப் பெண் சொல்கிறாளே என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பணிவாகச் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் மேடை விளக்கிலிருந்து கிளம்பிய பொறி துணியில் பற்றியது. தீயை மறிக்கத் தொங்கவிட்டிருந்த திரை பாதி வழியில் சிக்கி நின்றது. வெளியேறும் கதவுகள் பல திறக்கவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2004 ஜனவரியில் இங்கே ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50 பேருக்கும் மேல் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன் அரங்கின் ஒவ்வொரு கதவையும் என் கையால் தள்ளித் திறந்து பார்ப்பேன். திறந்திருக்கும் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டேன். நீயும் அப்படியே செய்.

அடுத்து ப்ராப்பர்ட்டி மேசை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைடு விங்கில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் பழுப்புத்தாள் ஒட்டி, நாடகத்தில் வரும் ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழு. கோட்டுக்குள் பெயர் எழுது: மூக்குக்கண்ணாடி, காட்சி இரண்டு, அப்பா. பொருள் இல்லாவிட்டால் வெறும் கோடு உன் கண்ணில் குத்தும். ஷோவுக்கு அரைமணி முன்னால் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணு.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சாவிக்கொத்தால். சேர்ந்த இரண்டாவது வருஷம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் ஷோ. கதையில் அம்மா தன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மகன் முன்னால் எறிவாள். அடுத்த காட்சியில் அவன் அந்தச் சாவியால் பெட்டியைத் திறந்து, பழைய கடிதங்களைப் படிப்பான். சாயந்தரம் ஒத்திகை முடிந்ததும், தொலைந்துவிடக் கூடாதே என்று சாவிக்கொத்தை என் சட்டைப்பையில் போட்டேன். ஷோ தொடங்கியபோது ஒலி சரியில்லை என்று அரங்கின் கடைசிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டேன். மேடையில் அம்மாவாக நடித்த அக்கா இடுப்பில் கையை வைத்தார். சாவி இல்லை. ஒரு நொடி நின்றார். பிறகு கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி மகன் காலடியில் எறிந்தார். கூட்டம் கைதட்டியது. என் பையில் சாவி கனத்தது. ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது. பூட்டிய பெட்டியின் முன்னால் மகன் உட்கார்ந்திருந்தார். கடிதங்கள் உள்ளே. படிக்க வேண்டிய நான்கு கடிதங்களையும் நினைவிலிருந்து புலம்பலாகச் சொல்லி ஒப்பேற்றினார்.

ஷோ முடிந்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. "சாவி எங்க இருந்துச்சு தம்பி?" என்றார்.

"என் பையிலதான்க்கா. பத்திரமா வெச்சிருந்தேன்."

"உன் பையில இருந்தா அது உன் சாவி. மேசையில இருந்தாத்தான் நாடகத்துச் சாவி."

அன்றோடு சட்டைப்பையில் நாடகப் பொருள் எதையும் வைப்பதில்லை. பொருளுக்கு மட்டுமல்ல, தகவலுக்கும் இதே விதிதான். வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும், யாருக்கு முட்டியில் அடி, எந்த வசனம் வெட்டுப்பட்டது என்பதெல்லாம் உன் மண்டையில் மட்டும் இருந்தால் யாருக்கும் பயனில்லை. எழுதி, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டு.

ஷோ நேரத்துக்கு வருவோம். மேக்கப் ரூம் கதவைத் தட்டி அரைமணி, கால்மணி, ஐந்து நிமிஷம் என்று நேரம் சொல்வது நீதான். இங்கிலாந்து அரங்குகளில் 'அரைமணி' என்ற அழைப்பைத் திரை தூக்க 35 நிமிடம் இருக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். திரைக்கு ஐந்து நிமிடம் முன்பே முதல் காட்சிக்காரர்கள் வந்து நிற்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. உனக்கும் அந்த ஐந்து நிமிடம் தேவைப்படும், எடுத்துக்கொள். நேரம் சொன்னதும் உள்ளிருந்து "சரிம்மா" என்று பதில் வரும்வரை நகராதே. மூன்றாவது மணி அடித்த பிறகு யாருக்காகவும் திரையைப் பிடித்து வைக்காதே. திறந்தவெளி மேடை என்றால் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிவரைதான் அனுமதி. தொடக்கத்தில் தின்ற பத்து நிமிடத்தைக் கடைசிக் காட்சியிலிருந்துதான் கழிக்க வேண்டியிருக்கும்.

பிறகு க்யூ. விளக்குக்காரருக்கும் ஒலிக்காரருக்கும் நீ "ஸ்டாண்ட்பை" சொல்வாய். இடம் வந்ததும் "கோ". அந்த "கோ" என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் வாயில் எடுக்காதே. எப்போது சொல்வது என்பதில்தான் இந்த வேலையின் ருசி இருக்கிறது. ஒரு நாடகத்தில் பாட்டி குனிந்து காமாட்சி விளக்கை அமர்த்துவார். அந்த நொடியில் மேடை இருள வேண்டும். அவர் குனிவதைப் பார்த்துச் சொன்னால் எப்போதும் அரை நொடி பிந்தியது. பத்து ஒத்திகை கவனித்தேன். குனிவதற்கு முன் அவர் ஒரு மூச்சு இழுப்பார், தோள் லேசாக உயரும். அந்தத் தோளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கிய நாள் முதல் விரலும் இருளும் ஒன்றாகவே வந்தன. அந்தப் பாட்டிக்குக்கூட இது தெரியாது. நோட்டில் மட்டும் 'தோள் உயரும்போது' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

ஆட்களிடம் எப்படிப் பழகுவது? அக்கா, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே கறாராக இரு. ஷோவுக்கு முன் யாருக்கும் கெட்ட செய்தி சொல்லாதே. உயிர் விஷயம் மட்டும் விலக்கு. தவறு செய்தவரை இடைவேளையில் பிடித்துக் கேட்காதே, அவர் இன்னும் அரை நாடகம் நடிக்க வேண்டும். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று பார்த்து வை. சம்பளம் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். பல வருஷம் பகலில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டுதான் இதைச் செய்தேன். நீயும் கைவசம் ஒரு தொழிலை வைத்துக்கொள். அப்போதுதான் இந்த வேலைமேல் உனக்குக் கசப்பு வராது.

ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தின் தந்திரக் காட்சிகளை, பார்த்தவர்கள் இன்றும் கண் விரியச் சொல்கிறார்கள். அந்தக் கயிறுகளை நேரத்துக்கு இழுத்த கைகள் யாருடையவை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. கயிறு தெரிந்திருந்தால் அந்தக் கண்கள் விரிந்திருக்காது. உனக்கு வருத்தம் வருமா என்று மட்டும் இப்போதே உன்னையே கேட்டுக்கொள். வரும் என்றால் நடிக்கப் போ. அதுவும் நல்ல வேலைதான்.

ஷோ முடிந்து எல்லாரும் மேக்கப் கலைக்கும்போது, மேசையில் பொருள்கள் அத்தனையும் தத்தம் கோட்டுக்குள் வந்துவிட்டனவா என்று எண்ணு. அதன் பிறகு ஷோ ரிப்போர்ட் எழுது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதல் பாதி எத்தனை நிமிடம், எந்த க்யூ பிந்தியது, எது உடைந்தது, நாளை எதை வாங்க வேண்டும். முதல் பாதி நேற்று 52 நிமிடம், இன்று 55 என்றால் அந்த மூன்று நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடு. பெரும்பாலும் யாரோ ஒருவர் சிரிப்பு வந்த இடத்தில் இன்னொரு சிரிப்புக்காகக் காத்து நின்றிருப்பார்.

உன் முதல் ஷோ முடிந்த இரவே அந்த ரிப்போர்ட்டில் ஒரு படி எனக்கு அனுப்பு. நாடகம் பிரமாதம், எல்லாரும் அழுதார்கள் என்றெல்லாம் எழுதாதே. அதைச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். திரை எத்தனை மணிக்குத் தூக்கியது என்று எழுது. உன் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அதில் இருக்கும்.

அன்புடன்,
உன் மாமா