அறுபத்து நான்கு பேரின் கவுண்டி

அமெரிக்காவில் நூறு பேர்கூட வசிக்காத கவுண்டி உண்டா? அது எப்படி இயங்குகிறது?

உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள லவிங் கவுண்டியில், 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர் மட்டுமே வசித்தனர். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழ் அமைந்து, தனக்கென நீதிமன்றமும், ஷெரிஃப் எனப்படும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் தலைவரும் கொண்ட நிர்வாகப் பிரிவாகும். இங்கு அதன் தலைமையிடம் மென்டோன் என்னும் சிற்றூர். மழை குறைந்த புதர்நிலமாதலால் கால்நடை மேய்ச்சலே தொடக்கத்தில் வாழ்வளித்தது. 1893இல் அமைக்கப்பட்டு 1897இல் கலைக்கப்பட்ட இக்கவுண்டி, எண்ணெய் கிடைத்த பின் 1931இல் மீண்டும் உருப்பெற்றது. பாறையடுக்குகளில் எண்ணெயும் எரிவாயுவும் செறிந்த பெர்மியன் படுகையில் அமைந்திருப்பதால், அச்சொத்துகள் மீதான வரியே நிர்வாகத்தைத் தாங்குகிறது. ஆகவே மக்கள் குறைவென்பதால் அதனை ஏழைக் கவுண்டியெனக் கருதலாகாது.