அரிய காலிபர் கைத்துப்பாக்கி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் தற்காப்புக்காக ஆடைக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் பெரும்பாலும் 9 மி.மீ. ரகத்தையே நாடுகின்றனர். .327 ஃபெடரல் மேக்னம் போன்ற அரிய காலிபரில் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

● கொள்ளளவு: .327-இன் குண்டு சுமார் 7.9 மி.மீ. விட்டமே கொண்டது. அதனால் .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்து மட்டுமே கொள்ளும் சிறிய ரிவால்வரின் உருளையில் .327 தோட்டாக்கள் ஆறு அடங்கும்.

● பயிற்சி: இதே ரிவால்வரில் .32 எஸ்&டபிள்யூ லாங் தோட்டாக்களையும் சுடலாம். உதைப்பு குறைவு என்பதால் கை பழக ஏற்றவை. ஆனால் .327-ஐ விடக் குட்டையான இந்தத் தோட்டாக்கள் உருளையின் துளைகளில் கரி வளையம் விட்டுச்செல்லும். அதைத் துடைக்காவிட்டால் நீளமான .327 தோட்டா சரியாக உட்காராது.

● சத்தம்: .327 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. இந்த அதிக அழுத்தத்தால் குட்டைக் குழலில் வெடியோசை காதைத் துளைக்கும். பயிற்சியில் காதுக்காப்பு கட்டாயம்.

● தோட்டா கிடைப்பது: எல்லாக் கடைகளிலும் இருக்காது, விலையும் கூடுதல். 2020-21இல் அமெரிக்காவில் ஏற்பட்ட தோட்டாத் தட்டுப்பாடு போன்ற காலத்தில் அரிய ரகங்களைத் தேடி அலைய நேரும். பயிற்சிக்கும் சேர்த்து முன்பே வாங்கி வைப்பது நல்லது.

● உறை, சட்டம்: துப்பாக்கியின் வடிவுக்கேற்ற இடுப்புறை கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது உத்தமம். மறைத்து எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.